கேமரா சென்சாரில் கோடு விழுந்தது, "லேசர் பட்டிருக்கு, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். என்ன செய்வது?

கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண போட்டோகிராபர் எழுதியிருக்கிறார். வயது 34. நீண்ட கடிதம், சுருக்கித் தருகிறேன். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஒரு கடையில் 1,72,000 ரூபாய்க்கு மிரர்லெஸ் கேமரா வாங்கியிருக்கிறார், பாதிப் பணம் நகைக்கடன். கம்பெனித் தளத்தில் பதிவு செய்ததால் வாரண்டி இரண்டு வருடம். இந்த ஜூன் முதல் வாரம் எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது எல்லாப் படத்திலும் வலது பக்கம் மேலிருந்து கீழாக மெல்லிய ஊதாக் கோடு ஒன்று ஓடுவதைப் பார்த்திருக்கிறார். திருச்சியில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்தார், அவர்கள் தலைமைப் பணிமனைக்கு அனுப்பினார்கள், மூன்று வாரம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: "லேசர் பாதிப்பு, வாரண்டியில் வராது." சென்சார் யூனிட் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) மாற்ற 74,000 ரூபாய் எஸ்டிமேட். கடைக்காரர் "கம்பெனியைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டார். நண்பர் ஒருவர், "நீ தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோர் கோர்ட்டுக்கே போக முடியாது" என்றிருக்கிறார். பில்லில் "சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்று வேறு அச்சடித்திருக்கிறது. இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போயிருக்கிறது. பத்து லட்சம் நஷ்ட ஈடு கேட்கலாமா, வெளியே ஒரு டெக்னீஷியன் 30,000-க்குச் சரிசெய்து தருகிறேன் என்கிறார் கொடுக்கலாமா, கம்பெனியின் பெயரைப் போட்டு வீடியோ வெளியிடலாமா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "மே கடைசியில் ஒரு ரிசப்ஷன்ல டிஜே லேசர் போட்டாங்க மேடம், ஆனா நான் அதை நேரா எடுக்கல."

தம்பி, அந்தக் கடைசி வரியை எழுதியதற்கு நன்றி. பலர் அதை மறைத்துவிட்டுத்தான் வக்கீலிடம் வருவார்கள், வழக்கு பாதியில் நிற்கும்போதுதான் அது வெளியே வரும். உங்கள் விவகாரமே அந்த வரியில்தான் இருக்கிறது. நீங்கள் நுகர்வோரா, எந்த ஊரில் வழக்குப் போடலாம் என்பதெல்லாம் எளிய கேள்விகள், அவற்றுக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. இந்தக் கோடு எப்போது விழுந்தது என்பதுதான் கஷ்டமான கேள்வி. அதற்கான பதில் கம்பெனியிடம் இல்லை, உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. நீங்கள் இன்னும் அதைத் தேடிப் பார்க்கவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

முதல் கோடு எந்தப் படத்தில்?

நான் டெக்னீஷியன் இல்லை. ஆனால் இந்த மாதிரி வழக்குகளுக்காகக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்றைய சீமாஸ் (CMOS) வகைச் சென்சார்களில் பிக்ஸல்கள் நிரை நிரையாக இருக்கின்றன, ஒவ்வொரு செங்குத்து நிரையையும் படித்து எண்ணாக மாற்ற அடியில் ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது. அந்தச் சுற்றோ அதற்குப் போகும் இணைப்போ கெட்டுப்போனால் அந்த நிரை முழுவதும் தவறாகப் படிக்கப்படும், எல்லாப் படத்திலும் அதே இடத்தில் ஒரு நேர்க்கோடு வரும். இது தானாகவே, யாரும் எதுவும் செய்யாமலே நடக்கலாம். தயாரிப்புக் குறை என்று சொல்வது இதைத்தான்.

லேசரும் கோட்டை உண்டாக்கும், அதையும் மறுக்க முடியாது. லென்ஸ் அந்தக் கதிரைக் குவித்து ஒரு புள்ளியில் இறக்கும்போது அந்த இடத்துப் பிக்ஸல்கள் கருகுகின்றன, அவற்றோடு சேர்ந்த செங்குத்து நிரையும் கிடை வரிசையும் போய்விடலாம். ஆகவே லேசர் பட்ட சென்சாரில் பொதுவாக ஒரு புள்ளியும் அதன் வழியாகப் போகும் கோடும் தெரியும், சில நேரம் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு, பல இடங்களில் சிதறிய வண்ணப் புள்ளிகள். மேடையில் லேசர் சுழலும்போது ஒரே நொடியில் நாலைந்து இடத்தில் படுவதும் உண்டு. "நேராக எடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய டிஎஸ்எல்ஆரில் படமெடுக்கும் நொடி தவிர மற்ற நேரமெல்லாம் கண்ணாடியும் ஷட்டரும் சென்சாரை மறைத்துக்கொண்டிருக்கும். மிரர்லெஸ்ஸில் அப்படியில்லை. நீங்கள் பட்டனை அழுத்தாவிட்டாலும் கேமரா ஆன் ஆகி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே சென்சாரில் ஒளி விழுந்துகொண்டே இருக்கும். அதனால் அந்த வாதத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். மே மாதம் முழுக்க எடுத்த ரா ஃபைல்களை (கேமரா பதிந்த, மாற்றம் செய்யாத மூலப் படங்களை) வரிசையாகத் திறந்து, கோடு இருக்கும் இடத்தை மட்டும் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கோடு இல்லாத கடைசிப் படம் எது, கோடு உள்ள முதல் படம் எது? இரண்டின் ஃபைல் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோவாக இருந்தால் இன்னும் நல்லது, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினால் கோடு பிறக்கும் கணமே தெரியும். பச்சைக் கதிர் ஒன்று திரையைக் கடந்த அடுத்த ஃப்ரேமில் கோடு நிற்கிறது என்றால் வழக்கை அங்கேயே மறந்துவிடுங்கள். கம்பெனி சொன்னது உண்மை, வேறு வழி பார்க்க வேண்டும். மாறாக, ரிசப்ஷன் முடிந்து நாலு நாள் கழித்து எடுத்த காதுகுத்துப் படங்கள் சுத்தமாக இருந்து, அதற்குப் பிறகு லேசரே இல்லாத ஒரு பகல் முகூர்த்தத்தில் கோடு திடீரென்று வந்திருந்தால், கம்பெனியின் ஒரு வரிப் பதிலுக்கு எதிராக உங்களிடம் தேதியோடு, நேரத்தோடு பேசும் சாட்சி இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை அறுபடாமல் போகிறது, மணப்பெண்ணின் வளையல் கையின் மீது மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது, கருகிய புள்ளி என்று எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் அது வாட்ஸ்அப்பில் வந்த படம், நுணுக்கமெல்லாம் அதில் நசுங்கியிருக்கும். அதை வைத்து நான் எதுவும் சொல்லக் கூடாது, நீங்களும் வழக்கில் அதைப் போடக் கூடாது. ரா ஃபைல் மட்டுமே.

அந்த மெமரி கார்டுகளை ஃபார்மெட் செய்யாமல் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே அழித்திருந்தால் முதன்முதலில் நகல் எடுத்த ஹார்ட் டிஸ்க்கை அப்படியே வையுங்கள், அந்த ஃபோல்டரில் எடிட்டிங் செய்யாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி ஹேஷ் மதிப்போடு (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு) ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையங்கள் (நுகர்வோர் கோர்ட் என்று சொல்வது இவற்றைத்தான்) சாட்சியச் சட்டத்தைக் கறாராகப் பிடித்துக்கொள்வதில்லை. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் "இது எடிட் செய்த படம்" என்று ஆரம்பித்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்தச் சான்றிதழ்தான்.

இடையில் வேறொரு விஷயம். இருட்டில் நீண்ட எக்ஸ்போஷர் வைத்தால் வெள்ளைப் புள்ளிகள் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவை ஹாட் பிக்ஸல்கள், சூடேறினால் எந்தச் சென்சாரிலும் வரும். சில கேமராக்களில் மெனுவிலேயே அந்தப் பிக்ஸல்களைக் கண்டு மறைக்கும் பிக்ஸல் மேப்பிங் இருக்கிறது, இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் செய்துகொள்ளலாம். அதையும் புகாரில் சேர்த்தால் உங்கள் உண்மையான குறையின் கனம் குறையும். விட்டுவிடுங்கள். அப்புறம், கையேட்டில் 99.99 சதவீதப் பிக்ஸல்கள் என்று வரும் வாசகத்தைக் காட்டி யாராவது "இதெல்லாம் சகஜம்" என்றால், அது எதைப் பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் பின்னால் இருக்கும் திரையைப் பற்றியதாக இருக்கும், சென்சாரைப் பற்றி அல்ல.

"தொழிலுக்கு வாங்கினது" என்ற பயம்

உங்கள் நண்பர் பாதி சரி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. ஆனால் அதே பிரிவில், 2(7)-இல், ஒரு விளக்கம் இருக்கிறது: சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவருக்கு அது வணிக நோக்கம் ஆகாது. இதைத் தெளிவாக விளக்கிய தீர்ப்புக்கு நம் கோயம்புத்தூரோடு ஒரு தொடர்பு உண்டு: லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட், உச்ச நீதிமன்றம், 1995. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர், லேத் வாங்கித் தானே இயக்குகிறவர் எல்லாம் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வழக்கில் வழக்குத் தொடுத்த நிறுவனம் தோற்றது, ஏனென்றால் அது வாங்கியது பெரிய அளவிலான உற்பத்திக்கு. எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பது அதிலிருந்து நன்றாகப் புரியும்.

நீங்கள் கேமராவைப் பிடிக்கிறீர்கள், தங்கையின் கணவர் வீடியோ, லைட் பிடிக்க ஒரு பையன். நீங்கள் நுகர்வோர். ஆறு டீம் வைத்து, சம்பளத்துக்கு ஆள் போட்டு, கேமராக்களை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். பில் ஸ்டூடியோ பெயரில் இருப்பதும் ஜிஎஸ்டி எண் இருப்பதும் கண்டிப்பாகக் கேள்வியாக வரும். "இது தனிநபர் உரிமையிலான ஸ்டூடியோ, இந்தக் கேமராவை நானே இயக்குகிறேன், என் குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை" என்று மனுவிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். இந்த ஒரு வாசகம் இல்லாமல் தள்ளுபடியான மனுக்கள் உண்டு.

வாரண்டி கார்டு தனி விஷயம். சில கம்பெனிகள் வணிகப் பயன்பாட்டுக்கு வாரண்டி இல்லை, அல்லது குறைந்த காலம்தான் என்று அதில் போட்டிருப்பார்கள். உங்கள் கார்டின் பின்பக்கத்தை நீங்கள் அனுப்பவில்லை, அதை எடுத்துப் படியுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் அதை மனதில் வைத்துத்தான் நோட்டீஸ் எழுத வேண்டும். சர்வீஸ் சென்டர் இதுவரை அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை என்பது உங்களுக்கு நல்லது.

ஊரும் கட்டணமும்

பில்லில் சென்னை என்று அச்சடித்திருந்தால் சென்னைக்குத்தான் ஓட வேண்டும் என்பதில்லை. 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்தில் அல்லது வேலை செய்யும் இடத்தில் புகார் கொடுக்க அனுமதிக்கிறது. உங்களுக்குத் தஞ்சாவூர் மாவட்ட ஆணையம் போதும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம். மாவட்ட ஆணையத்தின் எல்லை 50 லட்சம் ரூபாய் வரை, அதுவும் பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலையை வைத்துத்தான் கணக்கு. உங்களுடையது ஐந்து லட்சத்துக்கும் கீழே, கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை, நன்றாக எழுதத் தெரிந்த பலர் தாங்களே நடத்தியிருக்கிறார்கள். காலக்கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்.

கடைக்காரர், சர்வீஸ் சென்டர், கம்பெனியின் இந்திய நிறுவனம் மூன்றையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். "கம்பெனியைக் கேளுங்க" என்று கடைக்காரர் சொன்னால் அவர் பொறுப்பு முடிந்துவிடாது. பணம் வாங்கியவர் அவர், விற்பனை ஒப்பந்தம் உங்களுக்கும் அவருக்கும் இடையில்தான். ஆனால் நடைமுறையில் அவரிடம் கோபத்தைக் காட்டிப் பயனில்லை, வாரண்டி கொடுத்தது அவர் அல்ல.

நிரூபிக்க வேண்டியது யார்?

குறை இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டியது நீங்கள். இதை மறந்துவிடாதீர்கள், "கம்பெனிதான் நிரூபிக்கணும்" என்று யாராவது சொன்னால் முழுதாக நம்ப வேண்டாம். வாரண்டிக் காலத்துக்குள் கோடு வந்தது, அந்தக் காலத்துக்குள்ளேயே ஒப்படைத்தேன், கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, வெளியாள் யாரும் திறக்கவில்லை என்று காட்டிவிட்டால் உங்கள் பங்கு பெரும்பாலும் முடிந்தது. அதற்குப் பிறகு "இது விதிவிலக்கில் வருகிறது" என்று சொல்பவர்தான் அது எப்படி வருகிறது என்று காட்ட வேண்டும். இன்சூரன்ஸ் வழக்குகளில் நீதிமன்றங்கள் தொடர்ந்து இப்படித்தான் பார்த்து வந்திருக்கின்றன, வாரண்டிக்கும் அதே வாதத்தை வைக்கலாம்.

இங்கேதான் அவர்களுடைய ஒரு வரிப் பதில் உங்களுக்கு உதவுகிறது. எழுத்தில் இவற்றைக் கேளுங்கள்: டெக்னீஷியன் எழுதிய முழு அறிக்கை, சென்சாரின் பெரிதாக்கிய புகைப்படம், கருகிய இடம் எது என்ற குறிப்பு, வாரண்டியின் எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்பது. உண்மையிலேயே லேசர்தான் என்றால் காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு படம் இருக்கும். கொடுத்துவிட்டால் நீங்களும் உண்மையைத் தெரிந்துகொள்வீர்கள். கொடுக்க மறுத்தால், நுகர்வோருக்குத் தர வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான் என்று 2(11) பிரிவு சொல்கிறது.

ஆணையம் தேவைப்பட்டால் பொருளைச் சீல் வைத்துத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம், செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். உண்மையைச் சொன்னால், எண்ணெய், மருந்து போன்றவற்றைச் சோதிக்க ஆய்வகம் கிடைப்பதுபோல் கேமரா சென்சாருக்குக் கிடைப்பது சிரமம். அதனால் கம்பெனியோடு தொடர்பில்லாத ஓர் அனுபவமுள்ள டெக்னீஷியனிடம் ரா ஃபைல்களைக் காட்டி, பிரமாணப் பத்திரமாகக் கருத்து வாங்குவது நல்லது. ஃபைல்களை மட்டும் காட்டுங்கள், கேமராவைத் திறக்க விடாதீர்கள்.

அந்த 30,000 ரூபாய்க் கேள்விக்கும் இதுவே பதில். வெளியே கொடுத்து ஸ்க்ரூவைக் கழற்றிய நிமிடம் வாரண்டியும் போகும், சாட்சியும் போகும். ஒரு வருடம் கழித்து அந்தச் சென்சார் எங்கே என்று ஆணையம் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

"மத்தவங்களுக்கும் இதே கோடு வந்திருக்கு"

உங்கள் வட்டாரத்தில் நாலு பேருக்கு இதே மாடலில் இதே பிரச்சினை என்கிறீர்கள். இது முக்கியமான தகவல். கம்பெனிகள் ஒரு குறையை ஒப்புக்கொள்வது பெரும்பாலும் புகார்கள் எழுத்தில் குவிந்த பிறகுதான். நிக்கான் டி600-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2012 செப்டம்பரில் வந்தது, சென்சாரில் புள்ளி புள்ளியாக அழுக்குப் படிகிறது என்று வாங்கியவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள், 2013 பிப்ரவரியில் சுத்தம் செய்யும் வழியைச் சொல்லி ஓர் அறிவிப்பு வந்தது. வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டர் உள்ளிட்ட பாகங்களை மாற்றித் தருகிறோம் என்று 2014 பிப்ரவரி கடைசியில்தான் சொன்னார்கள். அதற்கு அடுத்த மாதம் சீன அரசுத் தொலைக்காட்சி நுகர்வோர் தினத்தன்று இதைக் காட்டியது, அந்த மாடலின் விற்பனையையே அங்கே நிறுத்த உத்தரவு வந்தது. லைக்கா எம்9-இல் சென்சாரின் மேல் கண்ணாடி அரித்தபோது, பழைய கேமராக்களுக்கும் சில வருடங்கள் இலவசமாக மாற்றித் தந்தார்கள், பிறகு அந்தச் சலுகையைக் குறைத்தார்கள். காலம் தாழ்த்தியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது 2005-இல் நடந்தது. சோனி தயாரித்த சிசிடி என்ற பழைய வகைச் சென்சார்களில் உள்ளிருக்கும் நுண்ணிய கம்பி இணைப்புகள் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் விட்டுப்போயின. அந்தச் சென்சாரை வாங்கிப் பயன்படுத்திய கேனன், நிக்கான், ஃபியூஜிஃபில்ம், ஒலிம்பஸ் என்று பல கம்பெனிகள் பாதிக்கப்பட்ட மாடல்களை அறிவித்து வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகச் சரிசெய்தன. தஞ்சாவூர் வெயிலிலும் மண்டபத்துப் புழுக்கத்திலும் வேலை செய்யும் கேமராவுக்கு "நீங்கதான் கெடுத்தீங்க" என்று யாராவது எளிதாகச் சொன்னால், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மற்றவர்களுக்கும் வந்தது என்பதாலேயே உங்களுடையது தயாரிப்புக் குறை என்று ஆகிவிடாது. அந்த நாலு பேரும் ரிசப்ஷன் எடுப்பவர்கள்தானே, எல்லா மேடையிலும் லேசர் இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் சீரியல் நம்பர், வாங்கிய மாதம், முதல் கோடு வந்த படம் மூன்றையும் வாங்குங்கள். சீரியல் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், லேசரே பார்க்காத ஒருவருக்கும் வந்திருந்தால், அது பலமான விஷயம். கம்பெனித் தளத்தில் உங்கள் மாடலுக்கு சர்வீஸ் அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே நலன் கொண்ட பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. பலரைப் பாதிக்கும் குறை என்று தெரிந்தால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம்.

எவ்வளவு கேட்பது?

பத்து லட்சம் வேண்டாம் தம்பி. 2019 சட்டத்தில் தயாரிப்புப் பொறுப்பு என்று ஒரு தனி அத்தியாயம் வந்திருப்பதைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த அத்தியாயத்தில் "தீங்கு" என்றால் என்ன என்பதை 2(22)-இல் பாருங்கள்: பொருளுக்கே ஏற்பட்ட கேடும், வணிக, பொருளாதார இழப்பும் அதில் சேராது என்று எழுதியிருக்கிறது. கேமரா வெடித்து உங்கள் முகத்தில் காயம் பட்டிருந்தால் அந்த வழி. உங்களுடையது பொருள் குறைபாடும் சேவைக் குறைபாடும்தான், 39-ஆம் பிரிவில் நிவாரணம் கேட்க வேண்டும்: குறையை நீக்கித் தர வேண்டும், இல்லையென்றால் மாற்றித் தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் விலையைத் திருப்பித் தர வேண்டும், கூடவே அவர்களின் கவனக்குறைவால் வந்த இழப்புக்கு நஷ்ட ஈடு, வழக்குச் செலவு.

புதுக் கேமராவே வேண்டும் என்று மட்டும் நிற்காதீர்கள். 2006-இல் மாருதி உத்யோக் தொடர்பான வழக்கில், பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரண்டி என்னும்போது முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இலவசமாக சென்சார் யூனிட் மாற்றம், அதற்குப் புது வாரண்டி, கைவிட்டுப்போன இரண்டு ஆர்டர்களுக்கு ஆதாரத்தோடு ஒரு தொகை. இப்படிக் கேட்டால் நியாயமாக இருக்கும், கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. ஆர்டர் போனதற்கு வாட்ஸ்அப் உரையாடலும், அட்வான்ஸைத் திருப்பி அனுப்பிய வங்கிப் பதிவும் வேண்டும், வெறும் வாய்ச்சொல்லுக்கு ஒரு ரூபாய்கூடத் தர மாட்டார்கள்.

வழக்கு எவ்வளவு நாள் ஆகும்? சட்டத்தில் மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று இருக்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகமாகத்தான் ஆகிறது. அதனால்தான் பணிமனையில் கிடக்கும் கேமராவுக்கு என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

என் யோசனை

இப்போது ஆடி. உங்களுக்கு முகூர்த்தம் இல்லை, எடிட்டிங் வேலைதான் இருக்கும். இந்த வாரமே ஃபைல்களைத் தேடி முதல் கோட்டைக் கண்டுபிடியுங்கள். அது லேசர் என்று காட்டினால், கேமராவுக்கு எலெக்ட்ரானிக் கருவி இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், விபத்துச் சேதமாக அங்கே கோரலாம், தாமதிக்காமல் தகவல் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸும் இல்லையென்றால் 74,000 எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதே மீதி வழி.

லேசர் இல்லை என்று காட்டினால், முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல். கோபம் இல்லாமல், தேதி வாரியாக, இரண்டு ரா ஃபைல்களை இணைத்து. வாரண்டி இந்த ஆகஸ்டில் முடிகிறதே என்று பதற வேண்டாம், ஜூனிலேயே ஒப்படைத்ததற்கு ஜாப் ஷீட் (சர்வீஸ் சென்டர் தந்த சீட்டு) இருக்கிறது, அந்தத் தேதிதான் கணக்கு. ஆனால் அதில் குறையை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். "படத்தில் செங்குத்துக் கோடு" என்று இல்லாமல் "செக்கிங்" என்று மட்டும் இருந்தால் அதைத் திருத்தச் சொல்லி இன்றே எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகாரைப் பதியுங்கள், பல விவகாரங்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. பதில் வராவிட்டால் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ், ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு. நோட்டீஸ் கட்டாயம் என்று சட்டத்தில் இல்லை, ஆனாலும் அனுப்புங்கள்.

ஆவணியில் கேமரா கையில் இல்லாமல் முடியாது என்றால், இரண்டு வழி. ஒன்று, "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று எழுத்தில் கொடுத்துவிட்டு 74,000-ஐக் கட்டி வேலையை முடித்துக்கொள்வது, பிறகு அதைத் திருப்பிக் கேட்பது. இந்த வழியில் போனால் கழற்றிய பழைய சென்சாரை உங்களிடம் தர வேண்டும் என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் கட்டவே கட்டாதீர்கள். இன்னொன்று, கேமராவைப் பழுதுபார்க்காமலே வாங்கி, பெட்டியில் வைத்து, வழக்கு முடியும்வரை தொடாமல் இருப்பது. 74,000 புரட்டுவது உங்களுக்குக் கஷ்டம் என்று எழுதியிருப்பதால் எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, சாட்சியும் பத்திரமாக இருக்கும்.

வீடியோ போடும் எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நடந்ததை நடந்தபடி, ஆவணத்தைக் காட்டிச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் தலைப்பில் நீங்கள் வைக்க நினைத்திருக்கும் "திருட்டுக் கம்பெனி" என்ற வார்த்தை அவதூறு வழக்குக்கு வாசலைத் திறக்கும், பாரதிய நியாய சன்ஹிதா (புதிய குற்றவியல் சட்டம்) 356-ஆம் பிரிவு. சர்வீஸ் சென்டர் ஊழியரின் முகத்தையோ பெயரையோ காட்டவும் கூடாது, அவர் மேலிருந்து வந்ததை உங்களிடம் படித்துக் காட்டியவர் மட்டுமே. இன்னொன்றும் சொல்கிறேன், அந்த மே மாத ரிசப்ஷன் ரீல்ஸ் உங்கள் பக்கத்தில் இப்போதும் இருக்கிறது, பச்சை லேசரோடு. அதை நீக்க வேண்டாம். நீக்கினால் மறைத்தது போல ஆகும், எதிர்த்தரப்பு அதற்குள் நகல் எடுத்து வைத்திருக்கவும் கூடும். மனுவில் நீங்களே அதைச் சொல்லி, அதற்குப் பிறகு எடுத்த சுத்தமான படங்களையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

ஆவணி ஆர்டர்களுக்கு வாடகைக் கேமரா எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், எடுங்கள். வாடகைக்குக் கொடுப்பவர் தெரிந்தவராக இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் தேதி போட்ட ரசீது வாங்கி, பணத்தை ஜிபேயில் அனுப்புங்கள். இழப்பு எவ்வளவு என்று ஆணையம் கேட்கும்போது முதலில் எடுத்து வைக்க வேண்டியது அந்த ரசீதுகளைத்தான்.